சிலை எந்தத் திசையைப் பார்க்கிறது? பிரிட்டன் ஊர்களில் சிலைகளைப் படமெடுக்க ஓர் அறிமுகம்

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், நேஷனல் கேலரி படிக்கட்டில் நின்று கடற்படைத் தளபதி நெல்சனின் தூணைப் படமெடுப்பவர்கள் ஏராளம். அங்கிருந்து கிடைப்பது நெல்சனின் முதுகுதான். அவர் தெற்கே, ஒயிட்ஹால் தெருவைப் பார்த்து நிற்கிறார். வடக்கே நின்று எடுத்தால் நண்பகல் வெயிலும் கேமராவுக்கு நேர் எதிரே வரும். தூண் கறுத்து, வானம் வெளுத்து, உச்சியில் ஒரு கரும்புள்ளி மட்டுமே மிஞ்சும். சதுக்கத்தைக் கடந்து தெற்கே, முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரைச் சிலை இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டால் முகமும் கிடைக்கும், முகத்தில் வெளிச்சமும் இருக்கும்.

சிலைப் படங்களில் முக்கால்வாசி விஷயம் இதுதான். சிலை நகராது, எனவே நாம்தான் நகர வேண்டும். எங்கே நிற்பது, எந்த நேரத்தில் நிற்பது என்ற இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் சாதாரண கைபேசியிலேயே நல்ல படம் வரும். இரண்டும் தவறினால் எவ்வளவு விலையுள்ள கேமராவாலும் காப்பாற்ற முடியாது.

திசையும் வெயிலும்

ஊருக்குக் கிளம்பும் முன்பே, சிலை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வரைபடச் செயலியின் தெருக்காட்சியில் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு பார்த்த சிலைக்குக் காலை, மேற்கு பார்த்ததற்கு மாலை, தெற்கு பார்த்ததற்கு ஏறக்குறைய நாள் முழுதும் வெளிச்சம் உண்டு. லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில் நிற்கும் காந்தி, பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட் ஆகிய இரு சிலைகளுக்கும் காலைதான் நேரம். பிற்பகலில் போனால் சூரியன் அவர்களின் முதுகுப்பக்கம் போய்விடும்.

வடக்கு பார்த்த சிலைகள்தான் சிக்கல். கோடையில் விடிந்த சிறிது நேரமும் சூரியன் மறையும் முன் சிறிது நேரமும் மட்டுமே அவற்றின் முகத்தில் வெயில் விழும். மற்ற நாட்களில் மேகமூட்டத்துக்காகக் காத்திருங்கள். பிரிட்டனில் அதற்குப் பஞ்சமில்லை. மெல்லிய மேகம் மூடிய நாளில் நிழல்கள் மிருதுவாகி, கண்குழியும் தாடைக்கீழும் தெளிவாகத் தெரியும். வெண்கலச் சிலைக்கு வெயிலைவிட இந்த வெளிச்சமே நல்லது.

வெயிலில் எடுப்பதானால் அது நேர் முன்னாலிருந்து விழக்கூடாது. முகம் தட்டையாகிவிடும். சிலையின் முகத்துக்குப் பக்கவாட்டில் சுமார் 45 பாகையிலிருந்து வரும் வெயிலே மூக்கையும் கன்ன எலும்பையும் உடை மடிப்பையும் எடுத்துக்காட்டும். ஆக, நேர்வெயில் படும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்போ பின்போ போவது நல்லது.

சூரியன் எவ்வளவு தாழ்வாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஜூன் மூன்றாம் வாரத்தில் லண்டனில் நண்பகல் சூரியன் சுமார் 62 பாகை உயரம் ஏறும். டிசம்பரில் 15 பாகைதான். எடின்பரோவில் அதே டிசம்பரில் 11 பாகையைக்கூட எட்டாது. 15 பாகை உயரச் சூரியனில் 15 மீட்டர் உயரமுள்ள கட்டடம் 56 மீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். குளிர்காலத்தில் குறுகலான தெருவில் இருக்கும் சிலைக்கு நாள் முழுக்க வெயிலே படாமல் போவது இதனால்தான். அந்தப் பருவத்தில் சதுக்கங்கள், ஆற்றங்கரை, கடற்கரை, பூங்கா என்று திறந்த இடத்துச் சிலைகளைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் நடுவில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில்.

எவ்வளவு தள்ளி நிற்பது

பிரிட்டனின் பழைய சிலைகள் உயரமான பீடத்தில் நிற்பவை. புதிதாக எடுப்பவர்கள் பீடத்தடியில் போய் நின்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறார்கள். பூட்ஸ் பெரிதாகவும், தாடை அதற்கு மேலும், தலை சுண்டைக்காய் அளவிலும் வரும். லென்ஸின் மேல் பழி இல்லை, நின்ற இடம்தான் தவறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பீடம் 3 மீட்டர், அதன் மேல் உருவம் 2.5 மீட்டர் என்று வையுங்கள். 3 மீட்டர் தொலைவில் நின்றால் உருவத்தின் நடுப்பகுதியைப் பார்க்கக் கேமராவை 40 பாகைக்கு மேல் சாய்க்க வேண்டும். 10 மீட்டர் தள்ளினால் 15 பாகை போதும். 15 மீட்டரில் 10 பாகைதான். 15 பாகைக்குள் வந்துவிட்டால் உருவத்தின் அளவுகள் இயல்பாகத் தெரியும். மொத்த உயரத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தொலைவு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

தள்ளி நின்ற பிறகு லென்ஸால் அருகில் இழுக்க வேண்டும். பழைய பிலிம் அளவு சென்சார் உள்ள முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 10 மீட்டரிலிருந்து 100 மி.மீ., 15 மீட்டரிலிருந்து 135 முதல் 150 மி.மீ. லென்ஸ் வைத்தால் மேலே சொன்ன உருவம் நெடுக்காக எடுத்த படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிறைக்கும். கைபேசியில் 3 மடங்கு அல்லது 5 மடங்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 2 மடங்கோடு நிறுத்தி, மீதியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

நெல்சன் தூண் இந்தக் கணக்கின் எல்லை. தரையிலிருந்து உச்சி வரை சுமார் 51.6 மீட்டர், அதில் கற்சிலை மட்டும் ஐந்தரை மீட்டர். ஒயிட்ஹால் பக்கம் 150 மீட்டர் தள்ளி நின்றாலும் 17 பாகை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். முகம் வேண்டுமென்றால் 400 மி.மீ. லென்ஸ் வேண்டும். கைபேசி மட்டும் கையில் இருந்தால் நெல்சனின் முகத்தை விட்டுவிட்டு, அடியில் நான்கு பக்கமும் உள்ள வெண்கலப் புடைப்புச் சிற்பங்களையும் 1867இல் வைக்கப்பட்ட, ஓவியர் லாண்ட்சீர் வடித்த சிங்கங்களையும் எடுங்கள். நல்ல படங்கள் அங்கேதான் இருக்கின்றன.

புதிய சிலைகள் பல தாழ்வான பீடத்திலோ பீடமே இல்லாமலோ வருகின்றன. 2015இல் திறந்த நாடாளுமன்றச் சதுக்கக் காந்தி அக்கம்பக்கத்துத் தலைவர்களைவிடத் தாழ்வான பீடத்தில் நிற்கிறார். மான்செஸ்டர் சாக்வில் பூங்காவில் கணிதவியலாளர் ஆலன் டூரிங் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் தெரியும். முழங்காலிட்டுக் கேமராவைச் சிலையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கறுப்பு வெண்கலம், வெள்ளை வானம்

பிரிட்டனில் சிலைப் படம் கெடுவதற்கு முதல் காரணம் இந்தச் சேர்க்கை. வானம் பளிச்சென்று வெளுத்திருக்கும், வெண்கலமோ கருமை. கேமரா இரண்டையும் சராசரி பார்த்து, சிலையை வெறும் நிழலுருவாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். கைபேசியில் சிலையின் முகத்தைத் தொட்டு, அருகில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும். வானம் இன்னும் வெளுக்கும், வெளுக்கட்டும். அது பிடிக்கவில்லையென்றால் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து, மரமோ கட்டடத்தின் நிழல் பக்கமோ தலைக்குப் பின்னால் வருமாறு பாருங்கள். இதுதான் சிறந்த தீர்வு, செலவும் இல்லை.

வெள்ளைக் கல்லுக்கு நிலைமை தலைகீழ். எடின்பரோவின் ஸ்காட் நினைவுக் கோபுரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் சிலை, இத்தாலியின் கராரா பளிங்கில் செதுக்கியது. சுற்றியுள்ள கோபுரமோ கறுத்துப்போன மணற்கல். கருமையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்ட, பளிங்கு முகம் எல்லா நுணுக்கமும் இழந்து வெற்று வெள்ளையாகும். −0.7 முதல் −1 வரை குறையுங்கள். ஒரு படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கி, கன்னத்திலும் நெற்றியிலும் உளித்தடம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மழை நின்றதும் வெண்கலம் மினுமினுப்பாகி அழகாகத் தெரியும், ஆனால் மேல்பரப்புகளில் வானம் பிரதிபலித்து வெள்ளைத் திட்டுகள் விழும். மெருகேற்றிய சிவப்புக் கருங்கல் பீடமானால் உங்கள் உருவமே அதில் தெரியும். நேராக நிற்காமல் சற்றுச் சாய்வாக நின்று எடுங்கள், அடர்நிற உடை அணிந்திருந்தால் இன்னும் நல்லது.

கைபேசியின் போர்ட்ரெய்ட் முறை இங்கே வேண்டாம். வாள், செங்கோல், குதிரையின் கடிவாளம், நீட்டிய விரல் எல்லாவற்றையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். மான்செஸ்டர் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று கையை நீட்டிப் பேசும், பெண்கள் வாக்குரிமைப் போராளி எமிலின் பாங்க்ஹர்ஸ்டின் சிலையை அப்படி எடுத்தால், உயிரோட்டமே அந்தக் கையில்தான் என்னும்போது, கைதான் முதலில் போகும். இந்தச் சிலையை நேர் முன்னாலிருந்து எடுத்தாலும் நீட்டிய கை சுருங்கித் தெரியும். பக்கவாட்டில் வாருங்கள்.

தலையிலிருந்து முளைத்த விளக்குக் கம்பம், காதருகே போக்குவரத்து விளக்கு, பின்னால் போகும் சிவப்புப் பேருந்து, இவற்றையெல்லாம் பொத்தானை அழுத்தும் முன் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். அரை மீட்டர் நகர்வதும் அரை நிமிடம் பொறுப்பதும் பெரும்பாலும் போதும். அதே சமயம், சூழலை முற்றிலும் ஒழித்துவிடவும் கூடாது. கிளாஸ்கோவில் நவீனக் கலைக்கூடத்தின் முன் குதிரைமேல் இருக்கும் வெலிங்டன் பிரபுவின் தலையில் ஊர்க்காரர்கள் போக்குவரத்துக் கூம்பைக் கவிழ்த்துவைக்கிறார்கள், எடுக்க எடுக்க மீண்டும் வைக்கிறார்கள். கூம்பைத் தவிர்த்து எடுத்த படம் அந்த ஊரின் படமாகாது.

ஒரு படம் போதாது

சிலை என்பது உருவம் மட்டும் இல்லை. பீடம், எழுத்து, புடைப்புச் சிற்பம், நிற்கும் இடம் எல்லாம் சேர்ந்ததுதான் நினைவுச்சின்னம். வீட்டுக்கு வந்தபின் யார் இவர், யார் செய்தது, எப்போது வைத்தார்கள் என்று பார்த்தால் பதில் படத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு சிலைக்கு எட்டுப் பத்துப் படங்கள் தேவைப்படும். முதலில் 30, 40 மீட்டர் தள்ளி, சுற்றுப்புறத்தோடு ஒன்று. பிறகு பீடத்தின் அடிவரை முழுதாக முன்பக்கம். முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முக்கால் கோணத்தில் இருபக்கமும் ஒவ்வொன்று. முதுகுப்பக்கம், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முகம் தனியாக. பீடத்தின் நான்கு பக்கங்களும் தனித்தனியாக.

கடைசியாக ஒரு தேடல். வெண்கல உருவத்தின் காலடியில் உருவத்தோடு சேர்த்தே வார்த்த ஒரு மெல்லிய தட்டு இருக்கும். அதன் விளிம்பை, குறிப்பாகப் பின்பக்கமும் வலப்பக்கமும், லென்ஸை இழுத்துப் பாருங்கள். சிற்பியின் கையெழுத்தும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதே விளிம்பின் இன்னொரு மூலையில் வார்ப்படச்சாலையின் பெயர் விரற்கடை உயர எழுத்தில் பதிந்திருக்கும்: தேம்ஸ் டிட்டனின் ஏ. பி. பர்ட்டன், ஃபுரூம் ஊரின் ஜே. டபிள்யூ. சிங்கர் என்பவை அடிக்கடி தென்படும் பெயர்கள். பீடத்தில் செதுக்கிய எழுத்து யாருக்காக என்று சொல்லும், இந்த விளிம்பு யாரால் என்று சொல்லும்.

கல்லில் தேய்ந்த பெயர்கள்

ஊருக்கு ஊர் இருக்கும் போர் நினைவுச்சின்னங்களில் பெயர்ப்பட்டியலே மையம். பெயர்கள் வாசிக்கும்படி இருக்க வேண்டுமானால் கேமரா பலகைக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், இணையாக இருக்க வேண்டும். 12 மெகாபிக்சல் கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து ஒரு மீட்டர் அகலப் பலகையை முழுதாக எடுத்தால், 2 செ.மீ. உயர எழுத்துக்கு ஏறக்குறைய 80 பிக்சல் கிடைக்கும். அது தாராளம். அதைவிட அகலமானால் பாதி பாதியாக, ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி எடுங்கள்.

தேய்ந்த செதுக்கெழுத்துக்குப் பக்கவாட்டு வெளிச்சமே மருந்து. பலகையை உரசிக்கொண்டு வெயில் விழும் நேரத்தில் ஒவ்வொரு கீறலும் நிழல் பெற்று எழும். வெயில் இல்லையென்றால் ஒரு சிறு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் பிடித்து, வெளிச்சம் மேற்பரப்பில் சறுக்கிப் போகும்படி காட்டுங்கள். கேமராவின் ஃபிளாஷ் நேராக அடித்துப் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். அதை அணைத்துவையுங்கள். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பதும், பாசியைச் சுரண்டுவதும், தண்ணீர் விட்டுப் பிரஷ் போடுவதும் கூடவே கூடாது. சுண்ணாம்புக்கல்லின் மேல்தோல் அதோடு உரிந்து வரும், எழுத்து இன்னும் சீக்கிரம் அழியும்.

ஆண்டுகளையும் விடாமல் எடுங்கள். சில ஊர்களில் 1914–1918 என்றும், சிலவற்றில் 1914–1919 என்றும் இருக்கும். முதல் உலகப் போரில் சண்டை நின்றது 1918 நவம்பர் 11இல், வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28இல். ஊர்க்காரர்கள் எதைப் போரின் முடிவாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை அந்த ஒற்றை இலக்கம் சொல்கிறது.

நவம்பரில் போரில் இறந்தவர்களின் நினைவாக வைக்கும் சிவப்புப் பாப்பி மலர் மாலைகள் குவிந்து பெயர்களின் கீழ்வரிசைகளை மறைக்கும். மாலையை நகர்த்த வேண்டாம். பெயர்கள் வேண்டுமென்றால் கோடையில் போங்கள், மாலைகள் வேண்டுமென்றால் நவம்பரில் போங்கள். நினைவு ஞாயிறான நவம்பர் இரண்டாம் ஞாயிறு காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் நடக்கும்போது ஷட்டர் சத்தம்கூட அங்கே கேட்கக்கூடாது. மாலைகளில் செருகிய அட்டைகளில் குடும்பத்தார் கைப்பட எழுதியிருப்பார்கள். அவற்றை நெருங்கி எடுத்து வெளியிடுவது முறையில்லை. படியில் தூங்குகிறவர்களையும் படத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

ஒயிட்ஹாலில் நிற்கும் செனோடாஃப் என்னும் தேசியப் போர் நினைவுச்சின்னம் தனியாகச் சொல்ல வேண்டியது. கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1920 நவம்பர் 11இல் திறந்த இந்தப் போர்ட்லண்ட் கல் சின்னத்தில் நேர்கோடு போலத் தெரிவது எதுவும் நேர்கோடு இல்லை. செங்குத்தான பக்கங்களை மேலே நீட்டிக்கொண்டே போனால் தரைக்குச் சுமார் 300 மீட்டர் உயரத்தில் சந்திக்கும். கிடைமட்டக் கோடுகள் எல்லாம் மிகப் பெரிய வட்டங்களின் துண்டுகள். எனவே படத்தைத் திருத்தும்போது அதன் ஓரங்களை வைத்துச் செங்குத்தைச் சரிசெய்யாதீர்கள், லட்யன்ஸ் நினைத்துச் செய்த சாய்வையே அழித்துவிடுவீர்கள். பின்னால் உள்ள அரசுக் கட்டடத்தின் ஜன்னல் விளிம்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னம் சாலையின் நடுவில் இருப்பதால் நடைபாதையிலிருந்தே எடுக்க வேண்டும், 70 மி.மீ. வாக்கிலான லென்ஸ் வசதி. இருபக்கமும் தொங்கும் கொடிகள் கல்லில்லை, துணி. காற்று வீசினால் நாலைந்து படம் எடுத்து, கொடி விரிந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

பிரைட்டனுக்குப் போகிறவர்கள் பாட்சம் ஊருக்கு மேலே புல்மேட்டில் இருக்கும் சத்ரியைப் பார்க்காமல் வரக்கூடாது. முதல் உலகப் போரில் காயமுற்று பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் தகனம் செய்யப்பட்ட இடம் அது, சின்னம் திறந்தது 1921இல். நடந்துதான் போக வேண்டும். வெள்ளைப் பளிங்கும் பச்சைப் புல்லுமாக இருப்பதால் வெயில் நாளில் −0.7 வைத்துத் தொடங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

பொது இடத்தில் நின்று படமெடுக்க பிரிட்டனில் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, பொது இடத்தில் அல்லது பொதுமக்கள் வரக்கூடிய வளாகத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்ட சிற்பங்களையும் கட்டடங்களையும் படமெடுக்கலாம், அந்தப் படங்களை வெளியிடலாம் என்கிறது. சிற்பி உயிரோடு இருந்தாலும் இது பொருந்தும். கேட்ஸ்ஹெட்டில் 1998இல் நிறுத்தப்பட்ட, 54 மீட்டர் சிறகு விரித்த ‘வடக்கின் தேவதை’ என்னும் சிற்பத்தை எடுத்து நீங்கள் வெளியிடலாம்.

விலக்குகள் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். சுவரோவியம், அச்சிட்ட படப்பலகை போன்ற தட்டையான படைப்புகள் இந்தப் பிரிவில் வரா. ‘நிரந்தரமாக’ என்ற நிபந்தனையும் உண்டு. டிரஃபால்கர் சதுக்கத்து நான்காம் பீடத்தில் வைப்பவை அவ்வப்போது மாறுபவை, எனவே அவற்றின் படத்தை விற்பதற்கு முன் யோசியுங்கள்.

காப்புரிமை வேறு, இடத்தின் விதி வேறு. டிரஃபால்கர், நாடாளுமன்றச் சதுக்கங்களிலும் அரச பூங்காக்களிலும் வணிக நோக்கப் படப்பிடிப்புக்கு முன்அனுமதி வேண்டும். சுற்றுலாப் படத்துக்கு வேண்டியதில்லை. தெருப்போலத் தெரியும் பல இடங்கள் தனியார் நிலம். அங்கே காவலர் வந்து டிரைபாடை மடிக்கச் சொன்னால் மடித்துவிடுவதே சரி. ரயில் நிலைய நடைமேடையில் ஃபிளாஷ் கூடாது, ஓட்டுநரின் கண்ணைக் கூசச்செய்யும். லண்டன் ரஸல் சதுக்கத்தில் சோவாஸ் கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அது கல்வி நிறுவன வளாகம் என்பதால் டிரைபாட் விரிப்பதற்கு முன் அங்குள்ள ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காவல்துறையினர் பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் உங்களைச் சோதிக்கலாம், படங்களையும் பார்க்கலாம். ஆனால் அழிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

சட்டத்தைவிட இயற்கைக்கு அஞ்சவேண்டிய இடமும் ஒன்று உண்டு. லிவர்பூலுக்கு வடக்கே கிராஸ்பி கடற்கரையில் சிற்பி ஆண்டனி கார்ம்லியின் 100 இரும்பு உருவங்கள் சுமார் 3 கி.மீ. நீளத்துக்குக் கடலைப் பார்த்து நிற்கின்றன. கரையை ஒட்டியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூரத்து உருவங்களை நோக்கிப் போனால் கால் சேற்றில் புதையும், அலையேற்றம் பின்னாலிருந்து சூழ்ந்துகொள்ளும். கிளம்பும் முன் அன்றைய அலையேற்ற அட்டவணையைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கைபேசியில் இடப்பதிவை இயக்கிவைத்து எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, ஒவ்வொரு சிலைக்கும் ஒரு கோப்புறை, அதன் பெயரில் ஊர், சிலை, நாள். எழுத்துப் பலகையில் உள்ளதை வரி மாறாமல், பிழையிருந்தால் பிழையோடு, தட்டச்சு செய்து உள்ளே வையுங்கள். சிலை பார்க்கும் திசையையும் எழுதுங்கள், அடுத்து போகிறவருக்கு நேரம் பார்க்க உதவும்.

இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் போர் நினைவுச்சின்னப் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. நீங்கள் எடுத்த சின்னத்தைத் தேடி, அங்கே படம் இல்லையென்றாலோ இருக்கும் படம் பழையதென்றாலோ, முழுத்தோற்றம் ஒன்றும் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றும் எடுத்த தேதியோடு அனுப்பலாம். விரிசல், கழன்ற எழுத்து, சாய்ந்த சிலுவை ஏதும் கண்ணில் பட்டிருந்தால் அதன் நெருக்கப் படத்தையும், எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்ற குறிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.